பூட்டு காத்த பெயர்கள்

ஒரு சிறு நகரத்தின் ரத்த தானச் சங்கத்தில் சர்வர் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பழைய வட்டு. பதினோராயிரம் பேரின் பெயரும் ரத்த வகையும் தொலைபேசி எண்ணும் அந்த ஒரு வட்டில்தான் இருந்தன.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்குப் புது வட்டு ஒன்று வந்தது. பழையதில் உள்ளதை எடுத்துப் புதியதில் அடுக்க, தினமும் மதியம் சர்வருக்குள்ளேயே ஒரு பிரதியாள் பிறந்து வருவான். இருவர் ஒன்றாக நுழைந்தால் பெயர்கள் கலந்துவிடும். அதனால் வாசலில் ஒரு பூட்டு நின்றது.

முதல் பிரதியாள் பூட்டிடம், "நான் வரும்வரை யாரையும் விடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். போனவன் திரும்பவில்லை.

மறுநாள் வந்தவன் வாசலில் நின்றான். அதற்கு மறுநாள் இன்னொருவன். பத்தொன்பதாம் நாள் வரிசையில் பதினெட்டுப் பேர்.

"காலை மிதிக்காதேய்யா."

"உனக்குக் கால் எங்கே இருக்கிறது?"

"உள்ளே போனவர் தூங்கிவிட்டாரோ என்னவோ."

"அவரை அப்படிப் பேசாதே" என்றது பூட்டு. "வருவார்."

சங்கத்தின் அலுவலர் பரிமளா தினமும் திரையைப் பார்ப்பாள். பூட்டு நிற்கும்வரை அதில் பேக்கப், அதாவது பிரதியெடுப்பு, நடக்கிறது என்றே இருக்கும். நோட்டில் 'நடக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள்.

அன்று பழைய வட்டு கரகரத்தது. "சாயங்காலம்வரைகூடத் தாங்கமாட்டேன். யாராவது இந்தப் பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள்."

பரிமளாவுக்குக் கேட்டது கரகரப்பு மட்டும்தான். ஆனால் அவள் நோட்டைப் புரட்டினாள். பத்தொன்பது வரிகள், பத்தொன்பதிலும் ஒரே சொல்.

"சேவியர் அண்ணே, ஒரு பேக்கப் இத்தனை நாளா நடக்கும்?"

சங்கத்து வண்டி ஓட்டும் சேவியர், சர்வர் மேலிருந்த காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். "பூசை அன்னிக்குப் பொட்டு வச்சதும் நான்தாம்மா மெயின் சுவிட்சை இறக்கினேன். மிஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணும்ல."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்."

பரிமளா நெற்றியில் கைவைத்தாள். "அப்பத்தானே அது ஓடிட்டிருந்துச்சு."

பூட்டிடம் சொல்லிவிட்டுப் போனவனின் எண் பூட்டின்மேல் பொறித்திருந்தது. அதைத் திரையில் படித்து, அவனைத் தேடும்படி சர்வருக்குச் சொன்னாள்.

"நாலாயிரத்து இருபத்தேழு" என்று சர்வர் அழைத்தது. பதில் இல்லை. மறுபடியும் அழைத்தது.

மூன்றாம் முறைக்குப் பிறகு சர்வர் தாழ்ந்த குரலில் சொன்னது: "மின்சாரம் நின்ற நொடியிலேயே அவர் போய்விட்டார்."

பூட்டு கேட்டது: "அப்படியானால் நான் யாருக்காக நின்றேன்?"

"அவர் அடுக்கி வைத்ததை யாராவது தொட்டார்களா?" என்றது பழைய வட்டு.

"ஒருவரும் தொடவில்லை."

"அப்படியென்றால் எட்டாயிரம் பெயர் அங்கே அப்படியே இருக்கிறது. மிச்சம் மூவாயிரம். அதைக் கொடுக்க என்னிடம் மூச்சு உண்டு. எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க இல்லை."

"யாரையும் விடாதே என்றாரே."

"அவர் எதற்காக உள்ளே போனார்?"

பூட்டை நீக்கும் கட்டளையைப் பரிமளா தட்டி முடிப்பதற்குள் பூட்டு தானே விலகிக்கொண்டது. வரிசையில் முதலில் நின்றவனிடம், "எட்டாயிரத்து ஆறாவது பெயரில் தொடங்கு. அது பாதியில் நிற்கிறது" என்றது. அவன் உள்ளே போனதும் பழையபடி வாசலில் நின்றது.

மற்றப் பதினேழு பேரும் போகவில்லை. வெளியே நின்று எண்ணினார்கள். ஒன்பதாயிரத்தில் பழைய வட்டு திணறியது. பத்தாயிரத்தில் ஒருமுறை நின்று, மறுபடி சுழன்றது. பதினோராயிரமாவது பெயரைக் கொடுத்தபின் அது சுழலவில்லை. வாசலில் எழுந்த ஆரவாரத்தில் சர்வரின் விளக்குகள் எல்லாம் பச்சையாயின.

பரிமளா நோட்டில் புதிதாக ஒரு சொல் எழுதினாள்: முடிந்தது.

"புது வட்டுக்கு ஒரு பொட்டு வச்சிரலாமாம்மா?" என்றார் சேவியர்.

"வைங்கண்ணே. மெயின் பக்கம் மட்டும் போகாதீங்க."

உள்ளே போனவன் வெளியே வந்தான்.

"எல்லாப் பெயரும் சேர்ந்ததா?" என்று பூட்டு கேட்டது.

"சேர்ந்தது."

"அப்படியானால் அவர் வந்துவிட்டார்" என்று சொல்லி, பூட்டு வாசலை விட்டு இறங்கியது.