வீட்டுக்காரரின் மீன் தொட்டி

தண்ணீரைப் பார்த்துத்தான் மீனைத் தேட வேண்டும் என்றோ என்னவோ எங்கள் பெரியப்பா சொல்வார்.

வீட்டுக்காரர் தணிகாசலம், தம் போர்வெல் தண்ணீரை உப்பு என்பவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்பவர். இரண்டடித் தொட்டி வாங்கியதும், மாடியில் குடியிருந்த ஜெபக்கனியிடம், "டிஸ்கஸ் மீன் வாங்கிட்டு வாம்மா. செத்துதுன்னா நீயும் காலி பண்ணிடு" என்றார்.

அவள் மோலி மீன்களோடு வந்தாள்.

"டிஸ்கஸ் எங்கே?"

"நம்ம தண்ணியை பாட்டில்ல கொண்டுபோய்க் காட்டினேன் சார். டிஸ்கஸுக்கு நல்ல தண்ணி வேணும், உப்பு ஏறின இந்த ஹார்டு வாட்டருக்கு மோலிதான் தாங்கும்னான் கடைக்காரன். தேன் மாதிரித் தண்ணியாச்சேன்னு நான் சண்டையே போட்டேன். உங்க ஓனர் ஒரு டம்ளர் குடிச்சுட்டா டிஸ்கஸ் சும்மாவே தர்றேன்னுட்டான்."

மற்றக் குடித்தனக்காரர்கள் முன்னால் அந்தத் தண்ணீரை டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

தணிகாசலத்துக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை.

மோலிகளைத் தொட்டியில் விட்டார். மறுநாள், குடித்தனக்காரர்களுக்கு மெட்ரோ தண்ணீர் இணைப்பு கேட்டு விண்ணப்பித்தார்.