தகுதி உள்ள ஒரே ஆள்

எந்தச் சீமை, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். யார் எதைக் காதில் ஓதினாலும் உடனே சட்டமாக்கி முரசு அறையச் சொல்லிவிடும் ராஜா ஒருவர் இருந்தார்.

ஒருநாள் பொக்கிஷ அதிகாரி செண்பகராயர் ஓதினார்: "மகாராஜா, ஊர்க் களஞ்சியத்தில் ஒன்றும் இல்லாத ஏழைகளுக்கெல்லாம் விதைநெல் கடன் கொடுக்கிறார்கள். அது எப்படித் திரும்பும்? கேட்பதைப் போல் இரண்டு பங்கு நெல் வீட்டில் வைத்திருப்பவருக்கே தரவேண்டும் என்று ஆணையிடுங்கள்."

முரசு அறைந்தாயிற்று. ராயரே நெல்லை வட்டிக்கு விடுகிறவர் என்பது ராஜாவின் நினைவுக்கு வரவில்லை.

அரண்மனை விகடகவி மருதையன் அந்த வழியாகப் போனபோது, பூவாயி என்ற குடியானவப் பெண் களஞ்சியத்து வாசலில் வெறுங்கூடையோடு நின்றாள்.

"வீட்டுல நெல்லு இருந்தா நான் ஏன் சாமி இங்க வர்றேன்? ராயர் வீட்டுல தர்றாங்க, வெளையிறதுல பாதி கேக்குறாங்க. உழுது போட்ட வயலு காயுது."

மருதையன் நேரே அரண்மனைக்குப் போய், "இந்தச் சட்டத்தை நடத்தும் பொறுப்பை எனக்குத் தாருங்கள்" என்று கேட்டான். அவனை எப்போதடா தொலைக்கலாம் என்று காத்திருந்த ராயர், "தகுதியில்லாதவனுக்கு ஒரு மணி போனாலும் இவன் தலை போகவேண்டும்" என்றார். ராஜா அதற்கும் தலையாட்டினார்.

அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடன் நெல்லை யாரும் தின்றுவிடக் கூடாது, விற்றுவிடக் கூடாது என்று அங்கேயே ஊறவைத்து, முளைகட்டித்தான் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், நேரே வயலில் இறங்கித் தம் கையாலேயே விதைக்க வேண்டும். களஞ்சியத்தில் இருந்த நெல் முழுவதையும் மருதையன் முளைகட்டி, வண்டி வண்டியாக ராயர் வீட்டு முன்னால் கொண்டுபோனான்.

"எனக்கு எதற்கு விதைநெல்?" என்று ராயர் ராஜாவிடம் ஓடினார்.

"ஆணைப்படி தகுதி உள்ளவர் இந்த ஊரில் இவர் ஒருவர்தான், மகாராஜா. வேறு யாருக்குக் கொடுத்தாலும் என் தலை போய்விடும்" என்றான் மருதையன்.

ராயர் விதைப்பதை வேடிக்கை பார்க்க ராஜாவுக்கு ஆசை. எல்லோரும் வயலுக்குப் போனார்கள். ராயர் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கால் புதைந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். உழுத வயல்கள் வெறுமனே கிடந்தன. வரப்பெல்லாம் ஜனங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

"இவர்கள் ஏன் விதைக்காமல் நிற்கிறார்கள்?"

"இவர்களுக்கு நெல் வேண்டும், மகாராஜா. அதனால்தான் கொடுக்கவில்லை" என்றான் மருதையன்.

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் நின்ற பூவாயியிடம், "கொடுத்தால் திருப்பித் தருவாயா?" என்று கேட்டார்.

"போன வருசமும் தந்தேன், மகாராசா. வெதைச்சாத்தானே தரமுடியும்?"

ராஜா, "நல்ல சட்டம் போட்டேன், போ!" என்று தம்மை நினைத்தே சிரித்தார். அங்கேயே ஆணையை ரத்து செய்து, தம் முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார்.

மருதையன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு கூடை நெல்லை இறக்கி, பூவாயியின் தலையில் தூக்கி வைத்தான்.