வடிவுக்கு வந்த சீர்

வயசுக்கு வராத பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடத்தினார்கள். தப்பு அங்கே தொடங்கியது.

பெண் பெயர் வடிவு. ஊர் சாத்தூர்ப் பக்கம். பதினாறு முடிந்தும் அவள் சமையவில்லை. "சடையாண்டிக்குச் சீர்த்தட்டு தூக்கத் தோள் ஊறுது. மருமக இன்னும் தொட்டில்லதான் கிடக்காளா?" என்று தெருவில் அவள் தாய்மாமனை வைத்துக் கேலி. தாய் பொன்னுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மகளைப் பச்சை ஓலைக் குடிசையில் உட்காரவைத்து, கேட்டால் ஆமாம் என்று சொல் என்றாள். வடிவு சொன்னாள். உளுந்தங்களி தின்றாள். மேளத்தோடு மாமன் சீர் வந்தது. இவள் என் மகன் அழகருக்குத்தான் என்று சபையிலேயே சொல்லிவிட்டான் சடையாண்டி.

பத்தொன்பதில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அப்போதும் அவளுக்கு வரவில்லை. பயந்துபோன வடிவு, தாயை இழுத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். தாயிடம் மட்டும் பேசினார். கர்ப்பப்பை இல்லை, பிள்ளை பிறக்காது. உடம்பு பெண்ணுடம்பு, குரோமோசோம் ஆண்களுக்கு இருப்பது மாதிரி. இப்படியும் பிறப்பதுண்டு. மகளிடம் சொல்லவேண்டாம், தாங்கமாட்டாள்.

தாய், சத்துக்குறைவு என்று மகளிடம் புளுகினாள். காகிதத்தைப் பெட்டியில் பூட்டினாள். நாள் நெருங்க நெருங்க மறைக்க மாட்டாமல், காகிதத்தில் இருந்ததை அண்ணனிடம் போய்ச் சொல்லி அழுதுவிட்டாள்.

சடையாண்டி ஏமாற்றப்பட்டவன்தான், அதை இல்லை என்பதற்கில்லை. ஆனால் அவன் நேரே தெருக்குழாயடிக்கு வந்தல்லவா நின்றான். "ஆம்பளைக்கா நான் சீர் செஞ்சேன்?"

குடத்தோடு வரிசையில் நின்ற வடிவு, தன் உடம்பைப் பற்றிய சேதியை அங்கேதான் முதலில் கேட்டாள்.

மகள் மானம் காக்க ஊரிடம் மறைத்தாள் தாய். மனம் நோகக்கூடாது என்று அவளிடமே மறைத்தார் டாக்டர். மாமன் எதையும் மறைக்காமல் ஊருக்கே போட்டு உடைத்தான். மூவரில் யார் செய்தது சரி?

ஒருவர் செய்ததும் சரியில்லை. மாமன் சொன்னது உண்மைகூட இல்லை. காகிதத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பெண்ணாகவே வளர்ந்து நின்றவளை ஆண் என்றான். மற்ற இருவரோ, உடம்புக்குரியவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே முடிவு செய்தார்கள். என்ன இரக்கமோ! வடிவு பெட்டிச் சாவியைப் பிடுங்கினாள். தனியாகப் பஸ் ஏறி, டாக்டரை வரிக்கு வரி விளக்க வைத்தாள். மறுநாள் மாமன் வீட்டு வாசலில் நின்று அழகரைக் கூப்பிட்டாள்: "மச்சான், எனக்குப் பிள்ளை பிறக்காது. உடம்புக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லைன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். நான் பொம்பளை. அதை இனிமே நான்தான் சொல்லுவேன். கட்டுறதும் விடுறதும் உங்க இஷ்டம்." அவன் நாலு நாள் அவகாசம் கேட்டான். கேட்கட்டும், அது அவன் பாடு. மூன்று பெரிய தலைகள் போட்ட முடிச்சை அவிழ்த்தவள் வடிவு.