புள்ளி வைத்த பெயருக்குப் பல் பிடுங்க முடியாது

மூளைக்குக் கொஞ்சமும் வேலை வைக்காமல் மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்று தென்காசியில் இருந்தது. அதற்குத் தலைவர் தில்லைவாணன். தப்பாக யோசித்தாலும் நிதானமாக யோசிப்பார். அதனால் அவர்மேல் எல்லோருக்கும் மரியாதை.

பல் டாக்டர் சுபைதா இந்தக் கம்பெனிக்கு ஒரு வேலை கொடுத்தார். அவருடைய ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் பெயர் பதிகிற கட்டத்தில் நோயாளிகள் போன் நம்பரை அடித்துவிடுகிறார்களாம்.

"எழுத்து மட்டும்தான் உள்ளே போகணும் தம்பி. வேற எதுவும் போகக் கூடாது."

எழுத்தா, எண்ணா என்று பார்த்துச் சொல்லக் கணினி மொழியிலேயே ஆயத்தமாக ஒரு ஃபங்ஷன், அதாவது குட்டி நிரல், உண்டு. பெயர் இஸ்ஆல்ஃபா. தில்லைவாணன் அதைக் காவலுக்கு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கன்னம் வீங்கிய கூட்டம் முனகிக்கொண்டு நின்றது. முருகனும் உள்ளே போகவில்லை, செல்லம்மாளும் போகவில்லை. புள்ளி, கொம்பு, துணைக்கால் எதுவும் எழுத்தே இல்லை என்று இஸ்ஆல்ஃபா அடம்பிடித்தது.

கம்பெனி அவசரமாகக் கூடியது. கொம்பும் எழுத்தில் சேர்த்திதானே என்று அங்கே வேலை பார்த்த குணசுந்தரி இழுத்தாள்.

"மாட்டு மேலயும்தான் கொம்பு இருக்கு. கொம்பு மாடாகுமா?" என்றார் தில்லைவாணன்.

இன்னொரு ஊழியனான எபனேசர் வெகுநேரம் யோசித்து, ஆகாது என்றான்.

இஸ்ஆல்ஃபாவை உலகமே சோதித்துப் பார்த்திருக்கிறது. இந்த நோயாளிகளின் பெயர்களை யார் சோதித்தார்கள்? ஆகவே பிழை பெயர்களில்தான் என்று முடிவாயிற்று. தில்லைவாணன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், புள்ளி கொம்பு இல்லாத பெயர் யாருக்காவது உண்டா என்று பணிவாகக் கேட்டார்.

தாடை வீங்கிய ஒருவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "ஆஆ" என்றுதான் வந்தது. வரவேற்பில் இருந்த பெண் அதை அப்படியே அடித்தாள். இஸ்ஆல்ஃபா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு எல்லோரும் அந்தப் பெயரிலேயே உள்ளே போனார்கள்.

ஒருவரைக் கூப்பிட்டால் ஹாலே எழுந்து நிற்கிறது என்று டாக்டர் கத்தினார். பெயருக்குப் பின்னால் ஒரு நம்பராவது போடச் சொன்னார்.

"எழுத்து மட்டும்தான்னு சொன்னது நீங்கதானே, டாக்டரம்மா" என்று தில்லைவாணன் வருத்தத்தோடு மறுத்தார். வலி கூடக்கூட ஒரு 'ஆ' கூட்டிக்கொள்ளலாம் என்று சலுகை மட்டும் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவருக்கே வலப்பக்கம் பல்வலி. 'ஆஆஆஆ' என்று பதிந்தார். அன்றைக்கு அதே அளவு வலியோடு இன்னொருவரும் வந்திருந்தார். அவருக்குச் சொத்தை இடப்பக்கம். டாக்டர் பதிவைப் பார்த்து, தில்லைவாணனின் இடப்பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கினார்.

வாயில் பஞ்சோடு ஆபீஸுக்கு வந்தவர், பதிவில் ஒரு பிழைகூட வரவில்லை என்று தாளில் பெருமையாக எழுதிக் காட்டினார். வலி போயிற்றா என்று குணசுந்தரி கேட்டாள்.

"ஆஆஆஆஆ" என்றார் தில்லைவாணன்.

எபனேசர் உடனே அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, அவருக்கு அடுத்த டோக்கனைப் போட்டுக் கொடுத்தான்.