பத்தாவது ஆளும் பாக்குவெட்டியும்

சின்னவர்களும் கேளுங்கள், எல்லாம் தெரிந்த பெரியவர்களும் கொஞ்சம் கேளுங்கள். மிளகுக்காக மனிதர்கள் கடல் தாண்டி வந்த காலத்தில் முத்தலைப்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே யூதர்களுக்கு ஒரு தெரு, அந்தத் தெருவில் ஒரு ஜெபாலயம், அந்த ஜெபாலயத்தில் தொழ ஒன்பது ஆண்கள்.

ஒன்பது பேர் என்பதுதான் வம்பே. இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பத்தாவது ஆள் என்றோ கப்பலேறிப் போனான், திரும்பவில்லை. மூத்தவர் அசரியாவின் மனைவி சிப்போரா இறந்து ஆறு வருஷம் ஆயிற்று. ஆறு வருஷமாக அவளுக்கான ஜெபம் அவர் நெஞ்சிலேயே கிடந்தது.

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன்பின் நெருப்பை மூட்டக்கூடாது. அடுத்தவரை மூட்டச் சொல்லவும் கூடாது. ஆனால் வெளியாள் ஒருவன் தன் சொந்தக் காரியத்துக்காக விளக்கேற்றிக்கொண்டால், அந்த வெளிச்சத்தில் இவர்கள் படித்துக்கொள்ளலாம்.

கடற்காற்றுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா? வாரம் தவறாமல் விளக்கை அணைத்துவிடும். உடனே அசரியா கூரையைப் பார்த்து, “காற்று பலம்தான்” என்பார். பக்கத்துக் கயிற்றுக்கொட்டிலிலிருந்து தாண்டவன் உள்ளே வருவான். “பாக்குவெட்டி விழுந்துபோச்சு, தேடணும்” என்று விளக்கை ஏற்றுவான். பாக்குவெட்டி அவன் மடியிலேயே இருக்கும். அது தெருவுக்கே தெரியும், கடவுளுக்கும் தெரிந்திருக்கும்.

தாண்டவனும் அவன் அண்ணன் கூத்தனும் கப்பலுக்குக் கயிறு திரிப்பவர்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திரிக்கவேண்டும், ஒருவனால் ஆகிற வேலை இல்லை.

ஒருநாள் தாண்டவன் அசரியாவிடம் வந்து, தானும் யூதனாகிவிடுவதாகச் சொன்னான். உங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றான்.

அசரியாவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் வருகிறவனை மூன்று முறை திருப்பி அனுப்பவேண்டும் என்பது மூன்றாவது வழக்கம். நல்லவனாக இருக்க யூதனாக வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். கொலை செய்யாதே, திருடாதே, நியாயம் தவறாதே, இவ்வளவுதான் கடவுள் உன்னிடம் கேட்பது, அதையெல்லாம் நீ செய்துகொண்டுதான் இருக்கிறாய், அந்தப் பாக்குவெட்டிப் பொய்யைத் தவிர, அதுவும் எங்களுக்காகச் சொன்னது என்று வழியனுப்பினார்.

மற்ற எட்டுப் பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். தானாகப் படகில் துள்ளி விழுந்த மீனை யாராவது கடலில் விடுவார்களா என்று கேட்டார்கள்.

இரண்டாவது முறை தாண்டவன் வேறு காரணத்தோடு வந்தான். பெரியவர் மனதைக் குளிரவைக்க நினைத்து, தன் குலசாமி வெறும் கல் என்றான். அசரியாவுக்கு வந்ததே கோபம்.

“நேற்றுவரை உனக்குச் சோறு போட்ட சாமியை இன்றைக்குக் கல் என்கிறாய். நாளைக்கு எங்களை என்ன சொல்வாய்? முதலில் போய் அதற்கு ஒரு விளக்கு வை, போ.”

அவர் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. எட்டுப் பேரும் மறுபடி தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை அசரியா பாரங்களை அடுக்கினார். இறால் கிடையாது, நண்டு கிடையாது, சனிக்கிழமை கயிறு கிடையாது, எந்த ராஜாவுக்கு எப்போது கோபம் வந்தாலும் மூட்டை கட்டவேண்டும். கத்தி சம்பந்தப்பட்ட இன்னொன்றும் சொன்னார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அதை நான் சொல்லமாட்டேன். தாண்டவன் முகம் வெளுத்துத் திரும்பிப் போனான்.

ஒரு மாதம் கழித்து நான்காம் முறை வந்தான்.

“காரணம் எதுவும் இல்லைங்க ஐயா. உங்க ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு அது எனக்குள்ள குடிவந்துடுச்சு. போகச் சொன்னா போறேன். அடுத்த வாரமும் வருவேன்.”

திருப்பியனுப்ப வழக்கத்தில் நான்காவது தரம் இல்லை. அசரியா அழுதுவிட்டார்.

சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்கள், செய்யவேண்டியதைச் செய்தார்கள், குளத்தில் முக்கி எடுத்தார்கள். கூத்தன் தம்பியோடு பேச்சை விட்டான். கயிற்றின் மறுமுனையைத் தென்னையில் கட்டித் தனியாகத் திரித்தான்.

முதல் வெள்ளிக்கிழமை அந்தியில் பத்துப் பேர் கூடினார்கள். ஆறு வருஷம் வாயில் வராத ஜெபம் என்பதால், தடுமாறாமல் படிக்க அசரியா ஏட்டை விரித்து வைத்திருந்தார். அவர் எழுந்து நின்றார். காற்று வந்து விளக்கை அணைத்தது.

“காற்று பலம்தான்” என்றார் அசரியா, பழக்க தோஷத்தில். ஒன்பது பேரும் தாண்டவன் இருந்த பக்கம் திரும்பினார்கள். தாண்டவன் கை மடிக்குப் போய் நின்றது. இத்தனை மாதத்தில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அப்போதுதான் உறைத்தது. பத்தாவது ஆள் கிடைத்தான், விளக்கேற்றுகிற ஆள் போய்விட்டான்.

இருட்டில் அசரியா முதல் சொல்லைச் சொன்னார். இரண்டாவது வரவில்லை. மனைவியின் பெயரைத் தவிர அவருக்கு எதுவும் நினைவில்லை. அந்த நேரம் அந்தக் கிழவரைப் பார்க்க யாருக்கும் மனம் பொறுக்காது, நல்லவேளை இருட்டு.

வாசலில் செருமல் சத்தம் கேட்டது.

“என் பாக்குவெட்டி விழுந்துபோச்சு” என்றான் கூத்தன். “தேடணும்.”

கூத்தன் வெற்றிலையே போடமாட்டான். விளக்கை ஏற்றிவிட்டுத் தரையில் குனிந்து மெதுவாகத் தேடினான். அவன் தலைக்குமேல் ஜெபம் நடந்தது. சிப்போராவின் பெயரை அசரியா உரக்கச் சொன்னார், பத்துக் குரல்கள் ஆமென் என்றன. அதுவரை கூத்தன் நிமிரவே இல்லை.

முடிந்ததும் அவன் அசரியாவிடம், “எங்க சாமியைப் பழிச்சப்போ இவனை வெரட்டினீங்களே, அன்னிக்கு நான் கொட்டில்லதான் இருந்தேன்” என்றான். பிறகு தம்பி முகத்தைப் பாராமலே சொன்னான். “ஞாயித்துக்கிழமை வெள்ளென வந்துடு. தென்னைமரம் சரியா முறுக்கமாட்டேங்குது.”

வாசல்வரை போனவன் திரும்பினான்.

“பாக்குவெட்டி கிடைக்கலை. அடுத்த வெள்ளியும் வந்து பாக்குறேன்.”

ஆகவே, அடுத்தவன் சாமியை மதிக்கிறவனுடைய விளக்கை அந்த அடுத்தவனே வந்து ஏற்றிவைப்பான்.