பட்டு நனையும், அரசே!

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கூத்தபிரான் என்றொரு விகடகவி இருந்தான். அரண்மனையில் அவன் வாயைத் திறந்தால் சபையே வயிறு வலிக்கச் சிரிக்கும். வீட்டுக்குப் போனால் 'வந்துட்டியா' என்று கேட்க ஆளில்லை. மனைவி நாச்சி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குடிவந்த அன்று அவள் சுவரில் பதித்த மஞ்சள் கைத்தடம்தான் மிச்சம். அதனிடம்தான் அவன் பேசுவான்.

அந்தக் கீற்றுக்கூரை வாடகை வீடு, அவன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மந்திரி திருவேகம்பருடையது. கூரை ஒழுகி, தண்ணீர் சுவர் வழியே இறங்கி, கைத்தடத்தில் சுண்டுவிரலை அழித்துவிட்டது.

வாடகைக்கு விட்டவர்தான் வீட்டைப் பழுது பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் பழுதை அவர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். திருவேகம்பர் லேசுப்பட்டவரா? வெயில் கொளுத்தும் நாளாகப் பார்த்து வருவார். வாசலில் நின்றபடியே அண்ணாந்து, "எங்கேப்பா ஒழுகுது? சொட்டுக்கூடக் காணோமே" என்று திரும்பிவிடுவார். மழை நாளில் மட்டும் அவருக்குத் தவறாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கூத்தபிரான் சபையில் முறையிட்டான்.

"பொய் வழக்கு, அரசே! என் கூரையில் ஒரு சொட்டும் இறங்காது. இது சத்தியம்!" என்றார் மந்திரி.

அரசனுக்கு அன்று பொழுது போகவில்லை. "விகடகவியே, உன் ஒழுகலை நாளைக்குச் சபைக்குக் கொண்டு வா. தவறினால் வீட்டைக் காலி செய்!" என்றான்.

சபை சிரித்தது. கூத்தபிரான் நாச்சியின் கைத்தடத்தை நினைத்துக்கொண்டான். பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். சுவரை எப்படித் தூக்குவது?

மறுநாள் விடியும்போதே நல்ல மழை. கூத்தபிரான் ஒழுகுகிற இடத்துக் கீற்றை மூங்கிலோடு அறுத்தெடுத்து, அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான், அரசே!" என்று கத்தினார் மந்திரி.

"இருக்கலாம், அரசே. மந்திரியார் சத்தியம் செய்த கூரை இது. இதைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மழையில் அவர் பத்து எண்ணும்வரை நிற்கட்டும். நனையாவிட்டால் இன்றே வீட்டைக் காலி செய்கிறேன்."

மந்திரி ஓரடி எடுத்து வைத்தார். கட்டியிருந்த புதுப் பட்டைக் குனிந்து பார்த்தார். "ஐயோ, பட்டு நனையும், அரசே!" என்று வாய்விட்டு உளறிவிட்டார்.

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "மூன்று நாளில் கூரையைப் புதிதாக வேய்ந்து கொடும்! விகடகவியே, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மழை பெய்யும் நாளெல்லாம் மந்திரியார் என் வீட்டுக்கு வந்து, மழை விடும்வரை உள்ளே உட்கார்ந்து கூரையைப் பார்த்துப் போகட்டும், அரசே."

நல்ல தண்டனை என்று அரசன் மறுபடி விழுந்து விழுந்து சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

அடுத்த மழைக்கு மந்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு பலகை போட்டு, சுக்குவெந்நீர் காய்ச்சி வைத்திருந்தான் கூத்தபிரான்.

"எங்கேப்பா ஒழுகுது?"

"பார்க்கலாம், உட்காருங்க. மழை விட நேரமாகும்."

மந்திரி உட்கார்ந்தார். நாச்சி போனபிறகு அந்த வீட்டில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.