மூட்டத்தில் பழுக்காத திராட்சை

கேட்க வந்தவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

மலைகளுக்கு யாரும் இன்னும் பேர் வைக்காத காலத்தில், ஒரு மலையடிவாரத்து ஊரை ஒரு ராசா ஆண்டுவந்தார். அந்த ஊர்ச் சந்தையில் ஒச்சப்பன் என்று ஒரு பழ வியாபாரி இருந்தான். சின்ன வயதிலேயே தாய் தகப்பனைப் பறிகொடுத்தவன். தலைச்சுமை தூக்கி, அடி வாங்கி, ஏமாந்து ஏமாந்தே வியாபாரம் படித்தவன். அதனால் அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், அதற்குள் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவான். "மழை வரும் போலிருக்கே" என்று ஒருவன் வானத்தைப் பார்த்தால், "என்னப்பா, தாழங்குடை விக்கிறியா?" என்று பாய்வான்.

ஆனால் பழுக்க வைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாழைத்தாரைக் குழியில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டானென்றால் மூன்றாம் நாள் தங்கமாக வெளியே வரும். மாங்காயை வைக்கோலில் புதைத்தானென்றால் தெருவே மணக்கும். "எந்தக் காயும் என் கைக்கு வந்தா பழம்தான்" என்று மார் தட்டுவான்.

அந்த வருஷம் ராசாவின் மகள் நோயில் விழுந்தாள். கஞ்சி வயிற்றில் தங்கவில்லை, பால் தங்கவில்லை, தேன்கூடத் தங்கவில்லை. திராட்சைச் சாறு மட்டும் தங்கியது. இதையே நாற்பது நாள் விடாமல் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்றார் வைத்தியர். ஊரில் இருந்த திராட்சையோ பதினைந்து நாளைக்குத்தான் வரும்.

சபையே முழித்தது. ஒச்சப்பன் எழுந்தான். "மிச்ச நாளுக்கு நான் பழம் சேர்த்து வச்சுத் தர்றேன் ராசா. தவறினா என் தலையை எடுங்க."

மலைச்சரிவில் ஒரே ஒரு தோட்டத்தில்தான் இன்னும் அறுப்பு பாக்கி. தோட்டக்காரி பெயர் சிலம்பாயி. வாய் அதிகம் பேசாதவள். ஒச்சப்பன் கூடைகளோடு போய் நின்றபோது காய்கள் அப்போதுதான் நிறம் மாறிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இன்னும் எட்டு நாள் கொடியிலயே கிடக்கட்டும்," என்றாள். "கொடியை விட்டு இறங்கினா திராட்சை பழுக்காது."

"எட்டு நாள்ல எவனாவது வந்து கூட விலைக்குக் கேட்பான்னு பார்க்கிற! விலையில ஒரு படி கம்பு குறை."

குறைத்தாள். கொத்துகள் இறங்கின. பழத்தின் மேலெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. ஒச்சப்பன் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கத் தொடங்கினான்.

"அண்ணே, துடைக்காதீங்க. அது தூசி இல்லை, பழத்தைக் காக்கிற போர்வை. அது போனா ஈரம் புகுந்து அழுகும்."

"அழுக்குச் சரக்கைக் கொடுத்துட்டுப் போர்வைங்கிறியா? இன்னும் ஒரு படி குறை."

குறைத்தாள். கூடைகள் நிறைந்தன. அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, வெடிச்சதையும் நசுங்கினதையும் பொறுக்கிட்டு வைங்க. ஒண்ணு கெட்டா கொத்தே போயிரும்."

"பொறுக்கினதை எனக்கே திருப்பி விக்கலாம்னா? ஏ தாயி, நான் பார்க்காத சந்தையா! இன்னும் ஒரு படி குறை."

மூன்று வார்த்தை சொன்னாள், மூன்று படி இழந்தாள். மேல்வரிசைக் கொடிகளில் தொங்கிய சின்னக் கொத்துகளை ஒச்சப்பன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இதையெல்லாம் குருவி தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

வாழைக்குப் போட்ட மாதிரியே திராட்சைக்கும் மூட்டம் போட்டான். பிறகு அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினான்.

பதினைந்தாம் நாள் திறந்தான். புளித்த வாடை முகத்தில் அறைந்தது. மேல் கூடையில் காய்கள் சுருங்கிக் கிடந்தன. ஒன்றை வாயில் போட்டான், பல் கூசியது. நடுக்கூடையில் தண்ணீர் விட்டிருந்தது. அடிக்கூடையில் கொத்து எது, பூஞ்சணம் எது என்று தெரியவில்லை. அப்போதுதான் சிலம்பாயி சொன்ன மூன்றும் அவன் காதில் விழுந்தன. இந்த முறை அவற்றில் விலை எதுவும் இல்லை. வெறும் வார்த்தைகள்.

ஆனால் பழம் வாங்க அரண்மனைக் காவலர்கள் வந்து நின்றதும் வாய் முந்திக்கொண்டது. "அந்த மலைக்காரி கெட்ட சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டா!"

ராசா ஆள் அனுப்பினார். பழம் அழுகிப்போன சேதியை அனுப்பிய ஆளே சொல்லியிருக்க வேண்டும். சிலம்பாயி இடுப்பில் ஒரு மண்சட்டியோடு சபைக்குள் வந்தாள்.

"கெட்ட சரக்கா கொடுத்தாய்?" என்றார் ராசா.

"அவர் கேட்ட அன்னைக்கு, கேட்ட மாதிரி கொடுத்தேன் ராசா. நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்னு அவரையே கேளுங்க."

ஒச்சப்பன் மனசு பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. அவளுக்குச் சாட்சி கிடையாது. ஒரு பொய் சொன்னால் தலை மிச்சம். இதைவிட நல்ல பேரம் அவன் வாழ்நாளில் வந்ததில்லை. அவளைப் பார்த்தான். சரிவில் ஓடிவந்த கால்களில் முள் கீறி ரத்தம் காய்ந்திருந்தது. ஏமாற்றுகிறவள் இப்படியா ஓடிவருவாள்?

"சொன்னா ராசா. பழுக்கட்டும்னு சொன்னா, துடைக்காதேன்னு சொன்னா, கெட்டதைப் பொறுக்குன்னு சொன்னா. மூணுக்கும் நான் விலையைத்தான் குறைச்சேன். இப்ப அவ மேல பழியும் போட்டேன். என் தலையை எடுத்துக்குங்க."

சிலம்பாயி சட்டியைத் தரையில் வைத்தாள். சட்டி மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, வாயைச் சுற்றிக் களிமண் பூசியிருந்தது. கல்லால் தட்டி உடைத்தாள். உள்ளே திராட்சை, வெள்ளைப் பொடி கலையாமல், அன்று காலை அறுத்ததுபோல் இருந்தது.

"மேல்வரிசையில விட்டுட்டுப் போனது. பழுத்த பிறகு, பழத்தில கை படாம காம்பைப் பிடிச்சு அறுத்து வச்சேன். நாளுக்கு ஒரு சட்டி. வீட்டில இன்னும் இருபத்து நாலு இருக்கு."

ராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒச்சப்பனைப் பார்த்தார். "உன் தலையை வைத்து நான் என்ன செய்ய? அதில் சட்டி சுமந்து வா. போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடித்திருந்தால் பழகியது என்றிருப்பான். இதுதான் தாங்கவில்லை.

மறுநாள் நடுச்சந்தை வழியாக, தலையில் மண்சட்டியோடு, சிலம்பாயி பின்னால் ஒச்சப்பன் நடந்தான். வெற்றிலைக்காரன் கூவினான்: "என்ன ஒச்சப்பா, கூலி எவ்வளவு பேசினே?" சந்தையே சிரித்தது. ஒச்சப்பன் குனிய முடியாது, சட்டி விழுந்துவிடும். அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தான்.

மிச்சமிருந்த இருபத்து நாலு நாளும் அப்படித்தான் நடந்தான். ராசா மகள் பிழைத்துக்கொண்டாள்.

கேட்டவர்கள் இதை மட்டும் எடுத்துப் போங்கள்: எல்லாச் சொல்லையும் பேரமாகக் கேட்கிறவன், தன் நன்மைக்குச் சொன்ன சொல்லையும் தள்ளிவிட்டுத் தலைகுனிவான்.